யமுனையும் ஆக்ரா நகரமும்

வடநாட்டு யாத்திரைக்குப் புறப்படும் நம் மாணவருட் பலர், ஆக்ரா நகரை ஒரு பகற்பொழுதிற் பார்த்து முடித்தற்குரிய இடமென்றே கருதுகின்றனர். காலையில் டில்லியினின்று புறப்பட்டுத் தாஜ்மகாலைக் கண்டு, நண்பகலிற் கோட்டைக்குள் ஒரு சுற்றுச் சுற்றி, மாலை வண்டியில் மீண்டுவிடுதல் வழக்கமாய்விட்டது. 2012-ஆம் ஆண்டிற் திறக்கப்பெற்ற 165 கிலோமீட்டர் நீளமுள்ள யமுனை விரைவுச்சாலையும், 2016-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் நூறு நிமிடப் பிரயாணமாக ஓடத் தொடங்கிய கதிமான் விரைவு வண்டியும் இவ்வழக்கத்தை வலுப்படுத்தின. விரைந்து சேரத்தக்க ஊராயிருப்பதனாலேயே விரைந்து விட்டு நீங்கத்தக்க ஊருமாகிவிட்டது ஆக்ரா. நாம் ஈண்டுச் சொல்லப் புகுவது இதற்கு நேர்மாறானது. ஆக்ராவில் நான்கு நாளேனும் தங்கி, அதனையே நடுவிடமாகக் கொண்டு சுற்றுப்புறங்களையும் பார்த்து வருதல் வேண்டும். அவ்வாறு தங்குவோர் அந்நகரை அதன் தெருக்களைக் கொண்டு அறியாது, யமுனை நதியைக் கொண்டு அறிதல் வேண்டும். இதன் காரணத்தை முதலிற் கூறுவோம்.

சிக்கந்தர் லோடி என்னும் டில்லி சுல்தான் பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தம் இருக்கையை ஆக்ராவுக்கு மாற்றினார். 1526-ஆம் ஆண்டுப் பானிபட்டுப் போருக்குப் பின் நகரம் பாபர் கைக்கு வந்தது. அவருக்கு இந்நாட்டு வெயிலும் புழுதியும் சிறிதும் பிடிக்கவில்லை. ஓடும் நீரற்ற நிலமென்று தம் நினைவுக் குறிப்புகளிற் குறைப்பட்டுக்கொண்டார். குறைப்பட்டதோடு நில்லாமல், யமுனையின் கிழக்குக் கரையிற் கிணறு தோண்டி, வாய்க்கால் வகுத்து, சதுரஞ் சதுரமாகத் தோட்டம் அமைத்தார். அத்தகைய ஒழுங்கான தோட்டத்தைக் கண்டறியாத ஊரார் அக்கரைக்குக் ‘காபூல்’ என்று பெயரிட்டனராம். பாபருக்குப் பின் வந்த அரச குடும்பத்தாரும் பிரபுக்களும் இரு கரைகளிலும் போட்டியிட்டுக்கொண்டு தோட்ட மாளிகைகள் எழுப்பினர். ஜெய்ப்பூர் அரண்மனைக் காட்சிச்சாலையிற் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்து வரைபடம் ஒன்றுளது. அதனில் நாற்பதுக்கு மேற்பட்ட ஆற்றங்கரைத் தோட்டங்களும் மாளிகைகளும் உடையவர் பெயரோடு குறிக்கப்பட்டுள்ளன. எப்பா கோக் என்னும் ஆஸ்திரிய நாட்டுக் கலைவரலாற்றறிஞர் இவற்றின் இடங்களை ஒவ்வொன்றாகத் தேடி ஆராய்ந்து, 2006-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார்.

இம்மாளிகைகளுக்கெல்லாம் ஆறே முன்வாயில், ஆறே இராஜவீதி. அரசர் படகிற் செல்வார். விருந்தினர் படகில் வருவார். அழகிய மண்டபங்கள் யாவும் நீரை நோக்கி உயர்ந்த மேடைமேல் நின்றன. நிலத்தின் பக்கம் இருந்தவை மதிலும், தொழுவமும், வேலையாட்கள் வாயிலுமே. ஷாஜஹான் டில்லியிற் புதிய தலைநகர் எடுத்து 1648-இல் அங்குக் குடிபுகுந்த பின்னர்ப் பிரபுக்களும் அவரைத் தொடர்ந்தனர். தோட்டங்கள் பாழாயின. பின்வந்த சாலைகளும் இருப்புப்பாதையும் நிலத்தின் பக்கமாகவே அமைந்தன. ஆதலின் இக்காலத்து யாத்திரிகர் எந்த மாளிகையைப் பார்ப்பினும் அதன் முதுகுப்புறத்தினின்றே நுழைகின்றார்; ஆற்றை நாடிச் சென்றாலன்றி முகத்தைக் காணார்.

இனி, ஊர் சேரும் வகை. சென்னையினின்று டில்லி செல்லும் தமிழ்நாடு விரைவு வண்டியும் கிராண்ட் டிரங்க் விரைவு வண்டியும் ஆக்ரா கண்டோன்மென்ட் நிலையத்தில் நிற்கும். முதல் வண்டி மூன்றாம் நாள் விடியுமுன்னரே சேர்ப்பிக்கும். இருளிற் புறப்படாமல், பயணிகள் தங்கும் அறையில் விடியுமட்டும் இருத்தல் நன்று. ஆக்ராவில் நிலையங்கள் பல. கண்டோன்மென்ட், கோட்டை, ராஜா கீ மண்டி, ஈத்கா என்பன அவற்றுட் சில. கிழக்கே கல்கத்தா வழியிற் செல்லும் வண்டிகளுள் பல ஊருக்குள் வாராது, சுமார் 25 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தூண்ட்லா சந்திப்பின் வழியே போய்விடும். எந்த நிலையமென்பதைச் சீட்டிற் பாராது சென்று இடர்ப்பட்டோர் பலர்.

தங்குதற்கு இரண்டு பகுதிகள் ஏற்றவை. ஒன்று நிலையத்துக்கு அணித்தான சதர் பஜாரும் கண்டோன்மென்டும். அகன்ற தெருக்களும் மரநிழலும் உடையவை. மற்றொன்று தாஜ்மகாலின் தெற்கு மதிலை ஒட்டிக் கிடக்கும் தாஜ்கஞ்ச். நெருக்கமும் ஓசையும் மிகுந்த இச்சந்துகளையே நாம் விரும்பிப் பரிந்துரைப்போம். மலிவு ஒரு காரணம். விடியலில் நடந்தே தாஜ்மகாலின் வாயிலை அடையலாமென்பது மற்றொரு காரணம். மூன்றாவது காரணம் வரலாற்றைச் சார்ந்தது. தாஜ்கஞ்ச் தாஜ்மகாலைச் சூழ்ந்து தற்செயலாக முளைத்த சேரியன்று. ‘மும்தாஜாபாத்’ என்னும் பெயரோடு அச்சமாதியின் ஓர் உறுப்பாகவே திட்டமிட்டு வகுக்கப்பட்ட அங்காடி. அதன் கடைவாடகையும் சத்திர வருவாயும், முப்பது கிராமங்களின் வரியும் சமாதியின் பராமரிப்புக்கென எழுதி வைக்கப்பட்டன. வணிகர் பணத்தாற் சமாதி நிலைபெறும் ஏற்பாடு அன்றே இருந்தது. தோட்டத்துக்குள் நிற்போர் தாஜ்மகாலின் ஒரு பாதியையே பார்க்கின்றனர். மறு பாதி, தேநீர்க் கடையும் தையற்கடையுமாய் இச்சந்துகளில் உளது.

நகருக்குள் திரிதற்கு ஆட்டோவும், மின்கல ரிக்ஷாவும், மிதி ரிக்ஷாவும் உண்டு. 2024-ஆம் ஆண்டு மார்ச்சு 6-ஆம் நாள் மெட்ரோ வண்டிப் பாதையின் முதற்பகுதி திறக்கப்பட்டது. தாஜ் கிழக்கு வாயிலினின்று கோட்டை வழியாய் மன்காமேஸ்வர் கோயில் வரையில் ஆறு நிலையங்களோடு சுமார் 6 கிலோமீட்டர் செல்வது. தாஜ்மகாலையும் கோட்டையையும் இணைப்பதனால் மாணவருக்கு இது மிகவும் பயன்படும். கூலி பேசும் தொல்லையுமில்லை. தாஜ்மகாலை அடுத்த அரை கிலோமீட்டர் எல்லைக்குள் எண்ணெய் எரிக்கும் வண்டிகள் வருதல் கூடாது. ஆங்கு மின்கல வண்டியோ நம் கால்களோதாம் துணை.

ரிக்ஷாக்காரரைப்பற்றி ஒரு வார்த்தை. மிகக் குறைந்த கூலிக்கு ஊர் முழுதும் காட்டுவதாக ஒருவர் சொன்னால், அவர் நம்மை இரண்டு மூன்று சலவைக்கற் கடைகளுக்கு அழைத்துச் செல்வாரென்று அறிக. கடைக்காரர் தரும் தரகே அவருக்கு உண்மையான ஊதியம். இதனை ஏமாற்று என்று எளிதிற் பழிப்போர் உளர். ஆயின், இரண்டு மணி நேரமே ஊரில் நிற்கும் யாத்திரிகரிடமிருந்து ஒருவர் வேறெவ்வாறு தம் நாளின் கூலியைப் பெறுவர்? ஒரு நாள் முழுதுக்கும் நேரிய கூலி பேசி, கடைக்கு வேண்டாமென்று முதலிலேயே சொல்லிவிட்டால், அம்மனிதரே மறுநாட் காலையில் நம் விடுதி வாயிலிற் காத்து நிற்பார். எங்கு நல்ல தேநீர் கிடைக்கும், எப்பாலத்தில் இந்நேரம் நெரிசல் என்பனவெல்லாம் அவர்பாற் கற்கத்தக்கன. இப்பேறு ஒரு நாள் யாத்திரிகருக்குக் கிட்டாது.

முதல் நாளிலேயே தாஜ்மகாலுக்கு ஓடாமல், பாலத்தைக் கடந்து கிழக்குக் கரைக்குச் செல்லுமாறு சொல்வோம். வடக்கே ராம்பாகிற் தொடங்கித் தெற்கு நோக்கி வருதல் முறை. ராம்பாக் பாபர் அமைத்ததென்பது வழக்கு. இன்று ஆற்றோரம் காணும் மண்டபங்கள் நூர்ஜஹான் காலத்தன. 1530-ஆம் ஆண்டு ஆக்ராவில் இறந்த பாபரின் உடலும் முதலில் அக்கரைத் தோட்டமொன்றிலேதான் அடக்கஞ் செய்யப்பட்டுப் பின்னரே காபூலுக்குக் கொண்டுபோகப்பட்டது. அங்கிருந்து சிறிது தெற்கே ‘சீனி கா ரௌஸா’ உளது. ஷாஜஹானின் அமைச்சராயிருந்து 1639-இல் இறந்த அப்சல்கானுடைய சமாதி அது. அதன் சுவர்களைப் போர்த்திருந்த பலநிற மெருகோடுகள் பெரும்பாலும் உதிர்ந்துபோயின. எஞ்சிய துண்டுகளின் நீலமும் மஞ்சளும் வெயிலில் இன்னும் ஒளிர்கின்றன. காவலாளைத் தவிர வேறொருவரையும் ஆங்குக் காணாமல் அரைமணி நேரம் நிற்கலாம்.

அடுத்தது இத்திமாத்உத்தௌலாவின் சமாதி. நூர்ஜஹான் தம் தந்தையாகிய மிர்சா கியாஸ்பேகுக்கும் தாய்க்கும் 1622 முதல் 1628 வரையிற் கட்டுவித்தது. தாஜ்மகாலோடு ஒப்பிடுங்கால் இது ஒரு நகைப்பேழையளவே. ஆயினும் வெண்சலவைக்கல்லில் நிறக்கற்களைப் பதிக்கும் அருங்கலை இங்கே முழுமையோடு விளங்குகின்றது. சைப்பிரஸ் மரம், மதுக்கிண்ணம், பூச்சாடி, கனிவகை என்பன சுவரில் ஓரிடமும் வெறுமையாய் விடாது நிறைந்திருக்கின்றன. தாஜ்மகாலை முன்னரே கண்டு வந்தோர் இதனைச் சிறியதென்று அரைக் கண்ணாற் பார்த்துச் செல்வர். இதனை முதலிற் கண்டோரோ, தாஜ்மகாலுக்குச் சென்றபோது அங்கே வெண்மைக்கு எவ்வளவு இடம் விடப்பட்டிருக்கிறதென்று வியப்பர். பார்க்கும் வரிசையே பாடமாக அமைவதற்கு இது சான்று. இச்சமாதியின் மேற்கே ஆற்றை நோக்கிய செங்கல் நிற மண்டபத்தில் அமர்ந்து, படகில் வந்திறங்கியவர் கண்ணுக்கு இது எவ்வாறு தோன்றியிருக்குமென்று எண்ணிப் பார்க்க.

அந்தி வேளைக்கு மஹ்தாப் பாகை அடைதல் வேண்டும். ‘நிலாத் தோட்டம்’ என்பது அப்பெயரின் பொருள். யமுனை இவ்விடத்திற் கிழக்கு நோக்கித் திரும்புவதனால், தோட்டம் வடகரையிலும் தாஜ்மகால் நேரெதிரே தென்கரையிலுமாக அமைந்துள்ளன. ஷாஜஹான் தமக்கெனக் கருங்கல்லால் ஒரு தாஜ்மகால் இங்கே கட்டத் தொடங்கினாரென்னும் கதையைத் தாவர்னியே என்னும் பிரெஞ்சு வணிகர் பரப்பினார். வழிகாட்டிகள் இன்றளவும் அதனை விடவில்லை. தொல்பொருள் ஆய்வுத் துறையார் 1990-களில் இங்கே அகழ்ந்தபோது கண்டது அடித்தளமன்று. எண்கோண வடிவான பெரிய குளமே. கருங்கல்லென்று காட்டப்பட்டவை பாசி படிந்து கறுத்த வெண்கற்களாம். அக்குளத்திற் நீர் நிறைந்திருந்த நாளிலே எதிர்க்கரைச் சமாதியின் நிழல் அதனுள் வீழ்ந்திருக்கும். கதையினும் இவ்வுண்மை அழகியதன்றோ? தோட்டத்தின் கீழெல்லையும் மேலெல்லையும் தாஜ்மகாலின் எல்லைகளோடு நேர்கோட்டிற் பொருந்துவதைக் கண்ணாலேயே அளந்து காணலாம். ஆறு இரண்டுக்கும் புறத்தே ஓடவில்லை, நடுவே ஓடுகின்றது.

இரண்டாம் நாள் கோட்டைக்குரியது. அக்பர் 1565 முதல் எட்டாண்டுகளிற் செம்மணற்கல்லாற் கட்டிய இம்மதிலின் சுற்றளவு சுமார் இரண்டரைக் கிலோமீட்டர். இன்று அமர்சிங் வாயில் வழியே உள்ளே விடுகின்றனர். பேரழகு வாய்ந்த டில்லி வாயில் படைத்துறையார் பகுதியில் அகப்பட்டுக்கொண்டது. உள்ளே ஜஹாங்கீரி மகாலின் சிவந்த கல்லையும், சில அடி தூரத்திற் ஷாஜஹானின் வெண்கல் மண்டபங்களையும் அடுத்தடுத்துப் பார்க்குங்கால், பாட்டனார்க்கும் பேரர்க்கும் இடையிலே சுவை மாறியவாறு புலனாகும். எண்கோண மாடமாகிய முசம்மன் புர்ஜிற் எல்லோரும் கூடி நிற்பர். 1658-இல் மகன் ஔரங்கசீப்பாற் சிறைப்பட்ட ஷாஜஹான், 1666-இல் இறக்குமளவும் மகள் ஜஹானாரா துணையிருக்க இக்கோட்டையிலேயே வாழ்ந்தார். மாடத்தினின்று நோக்கினால் ஆற்றின் வளைவில் தாஜ்மகால் தெரியும். அரங்கக்கூடத்தின் முன்னே தனியே கிடக்கும் ஐரோப்பியக் கல்லறை ஒன்றுளது. வடமேற்கு மாகாணத்தின் துணை ஆளுநராயிருந்து, 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின்போது கோட்டைக்குள் முற்றுகையிருந்த காலத்தில் இறந்த ஜான் ரஸ்ஸல் கால்வின் என்பாருடையது. ஆக்ரா 1836 முதல் அம்மாகாணத்தின் தலைநகராயிருந்து, கிளர்ச்சி அடங்கியபின் அப்பெருமையை அலகாபாத்துக்கு இழந்தது.

மூன்றாம் நாள் தாஜ்மகால். வெள்ளிக்கிழமைகளில் அது யாத்திரிகருக்கு அடைக்கப்படும். நாளை எண்ணித் திட்டமிடுக. ஞாயிறு எழும் வேளையில் வாயில் திறக்கும், அவ்வேளையே சிறந்தது. மும்தாஜ் மகால் 1631-ஆம் ஆண்டு ஜூன் மாதம் பர்ஹான்பூரில் மகப்பேற்றின்போது இறந்தார். மறு ஆண்டு வேலை தொடங்கிற்று. இடம் ஆம்பேர் அரசர் ஜெய்சிங்கின் குடும்பத்துக்குரியது. அதற்கு ஈடாக நகரில் நான்கு மாளிகைகள் கொடுக்கப்பட்டன. சமாதி 1643-க்குள் பெரும்பாலும் முடிந்தது. புறக்கட்டடங்கள் முடியப் பின்னும் சுமார் பத்தாண்டுகள் சென்றன. உயரம் 73 மீட்டர். இவ்வெண்களையெல்லாம் எந்த வழிகாட்டி நூலும் சொல்லும். நாம் கூற விரும்புவன இரண்டே.

முதலாவது, மொகலாயர் சமாதித் தோட்டங்களிற் சமாதி நட்டநடுவே நிற்பதே பெருவழக்கு. டில்லியிலுள்ள உமாயூன் சமாதியும், சிக்கந்திராவிலுள்ள அக்பர் சமாதியும் அவ்வாறே. தாஜ்மகாலோ தோட்டத்தின் கோடியில், ஆற்றின் விளிம்பில் நிற்கின்றது. ஆற்றங்கரை மாளிகையின் முறையைச் சமாதிக்கு ஏற்றியதன் விளைவு இது. மஹ்தாப் பாகை முன்னரே கண்டோருக்கு இதனை ஒருவர் விளக்கவேண்டுவதில்லை. பெரும்பாலோர் முன்புறத்து நீர்க்கால்வாயருகே நிழற்படம் எடுத்துக்கொண்டு, சமாதிக்குட் சென்று மீள்கின்றனர். சமாதிக்குப் பின்னே, வடபுறத்து மேடையின் கைப்பிடிச் சுவரண்டை சென்று நிற்போர் சிலரே. ஆங்கு நின்று, கீழே ஆற்றையும், இடப்புறம் தூரத்தே கோட்டையையும், எதிரே நிலாத் தோட்டத்தையும் ஒருங்கே நோக்கினாலன்றி இக்கட்டடத்தின் கருத்து விளங்காது. இரண்டாவது, உள்ளேயுள்ள கல்லறைகள். அணுவளவும் பிசகாது இருபுறமும் ஒத்தமைந்த இப்பெருங்கட்டடத்தில், ஒத்தமையாத பொருள் ஒன்றே ஒன்று. அது கட்டியவருடைய கல்லறை. நடுவிடம் மும்தாஜுக்கு உரியதாயிருக்க, ஷாஜஹானுடையது அருகில் ஒதுங்கிக் கிடக்கின்றது. மேலே காண்பன அடையாளக் கல்லறைகளே. உண்மையானவை கீழறையில் உள்ளன. 2018-ஆம் ஆண்டு டிசம்பர் முதல், சமாதி மேடைமேல் ஏறுதற்கெனத் தனியே 200 ரூபாய் பெறுகின்றனர். மாணவர் பைக்கு இது சிறு தொகையன்று. எனினும் கொடுத்தற்குரியதென்பதே நம் துணிபு.

முழுமதி நாளும் அதற்கு முன்னும் பின்னுமாக இவ்விரண்டு நாளும் இரவிலும் சிலரை விடுவதுண்டு. வெள்ளியும் ரமலான் மாதமும் விலக்கு. முன்னரே சீட்டுப் பெறுதல் வேண்டும்.

கல்லிற் கல்லைப் பதிக்கும் தொழில் இன்னும் இறந்துபடவில்லை. தாஜ்கஞ்சுச் சந்துகளிலே வீட்டுத் திண்ணையிற் அமர்ந்து தொழிலாளர் வேலை செய்வதைக் காணலாம். சாணைச் சக்கரத்தை ஒரு கையால் வில்லினாற் சுழற்றிக்கொண்டு, மறுகையால் வைடூரிய நீலத்தையும் செந்நிறக் கார்னீலியனையும் நெல்முனையளவாக அரைத்தெடுப்பர். அரைப்பதற்குப் பயன்படும் கடுங்கல்லின் தூளுக்குரிய ஆங்கிலப் பெயர் நம் ‘குருந்தம்’ என்னும் தமிழ்ச் சொல்லினின்று பிறந்ததென்பதை மாணவர் அறிதல் நலம். ஒரு சிறு பூவின் இதழொன்றுக்கு ஒரு பகல் செல்லும். இவ்வேலையென்று சொல்லிப் பெருஞ்சாலைக் கடைகளில் விற்பனவற்றுட் பல சலவைக்கல்லே அல்ல, மாக்கல்லாற் செய்தவை. நகத்தாற் கீறினால் மாக்கல்லிற் கோடு விழும், சலவைக்கல்லில் விழாது. நல்ல மக்ரானாக் கல்லின் மெல்லிய தகட்டினூடே ஒளி ஊடுருவும். இவ்விரண்டு சோதனைகளையும் செய்ய விடாத கடையினின்று வெளியேறிவிடுக.

நான்காம் நாளை நகரின் பிற பகுதிகளுக்கும் சிக்கந்திராவுக்கும் பகிரலாம். கோட்டைக்கு எதிரே ஜஹானாரா பொருளுதவியால் 1648-இல் முடிந்த ஜும்மா மசூதி நிற்கின்றது. இரண்டுக்கும் இடையே முன்பு திரிபோலியா என்னும் அழகிய எண்கோணச் சதுக்கம் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இருப்புப்பாதை அமைத்தோர் அதனை இடித்துக் கோட்டை நிலையத்தை எழுப்பினர். அதன் வடக்கே, அக்பர் இசைவு பெற்று இயேசு சபைத் துறவிகள் 1598-ஐ அடுத்துக் கட்டிய ‘அக்பர் தேவாலய’மும், கத்தோலிக்கர் கல்லறைத் தோட்டமும் நம் கல்லூரியினர்க்குச் சிறப்பாக ஆர்வமூட்டும். 1614-இல் இறந்த ஜான் மில்டன்ஹால் என்னும் ஆங்கில வணிகரின் கல்லறை அங்கே உளது. இந்தியாவில் அறியப்பட்ட ஆங்கிலேயர் கல்லறைகளுட் பழமையானது. சிந்தியாவின் படையிற் பணிபுரிந்து 1803-இல் இறந்த ஹெஸ்ஸிங் என்னும் ஒல்லாந்தருக்கு அவர் மனைவி எழுப்பிய செம்மணற்கல் சமாதியும் ஆண்டுள்ளது. தாஜ்மகாலைச் சிறிதாக்கிச் சிவப்பாக்கினாற்போன்றது அது. மனைவிக்குக் கணவன் எடுத்ததை உலகம் முழுதும் அறியும். கணவனுக்கு மனைவி எடுத்ததை ஆக்ராவிலேயே பலர் அறியார்.

1850-ஆம் ஆண்டிற் தோன்றிய செயின்ட் ஜான்ஸ் கல்லூரியும் இந்நகரத்ததே. நம்முடையதைப் போன்ற மிஷன் கல்லூரி. ஸ்விண்டன் ஜேக்கப் வரைந்த அதன் செங்கற் கட்டடம் 1914-இல் ஹார்டிஞ்சுப் பிரபுவாற் திறக்கப்பட்டது. மொகலாய முகப்பும் ரஜபுத்திரச் சாளரங்களும் கொண்ட அதனைக் கண்டு, நம் கல்லூரி மண்டபத்தோடு ஒப்பிட்டு வரலாம். சிக்கந்திராவிலுள்ள அக்பர் சமாதி வடமேற்கே சுமார் 10 கிலோமீட்டர், 1613-இல் முடிந்தது. கும்மட்டமின்றி வானம் பார்த்து நிற்கும் அதன் மேல்தளமும், தோட்டத்திற் திரியும் மான்களும் நினைவில் நிற்கும்.

ஆக்ராவினின்று ஒரே பகலிற் சென்று மீளத்தக்கவற்றுட் முதன்மையானது பத்தேபூர் சிக்ரி. ஈத்கா பேருந்து நிலையத்திற் பேருந்து ஏறினால் 40 கிலோமீட்டருக்குட்பட்ட வழி. அக்பர் 1571-இல் எடுத்து 1585-இல் விட்டு நீங்கிய நகரம். நீரின்மையே காரணமென்பர்; வடமேற்கு எல்லையின் அரசியல் அவரை லாகூருக்கு இழுத்ததும் காரணமாம். 1580-ஆம் ஆண்டு கோவாவினின்று வந்த அக்குவாவிவா முதலிய இயேசு சபையார் பல சமயத்தாரோடு சொற்போர் நிகழ்த்தியது இங்கேதான். 54 மீட்டர் உயரமுள்ள புலந்து வாயிலின் பாரசீகக் கல்வெட்டில், உலகைப் பாலத்துக்கு ஒப்பிடும் வாசகமொன்று இயேசுநாதர் பெயராற் பொறிக்கப்பட்டிருப்பது காண்க. பரத்பூர்ப் பறவைச் சரணாலயமும், மதுரா பிருந்தாவனமும் தனித்தனியே ஒவ்வொரு பகலுக்குப் போதியன. குவாலியர்க் கோட்டை சற்றுத் தொலைவு, புகைவண்டியே நன்று.

இத்துணையும் பார்த்த பின் யமுனையைப்பற்றிப் பேசாதிருத்தல் இயலாது. தாஜ்கஞ்சில் வாழ்ந்து 1830-இல் மறைந்த நஸீர் அக்பராபாதி என்னும் உருதுக் கவிஞர், இந்நதியில் ஆண்டுதோறும் நிகழ்ந்த நீச்சல் திருவிழாவைப் பாடினார். அரசரைப் பாடாது ரொட்டியையும், வெள்ளரிக்காயையும், கரடி ஆட்டுவோரையும் பாடிய புலவர் அவர். அவர் கண்ட நீர் இன்றில்லை. மலையினின்று இறங்கும் வெள்ளத்தின் பெரும்பகுதியை ஹத்னிகுண்ட், வஜீராபாத் தடுப்பணைகளிலே பாசனத்துக்கும் டில்லியின் குடிநீருக்கும் எடுத்துக்கொள்கின்றனர். கோடையில் ஆக்ராவை அடைவது பெரும்பாலும் நகரங்களின் கழிவே. ஆற்றங்கரையிலிருந்தும் ஆக்ரா மக்கள் கங்கைக் கால்வாயினின்று நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட குழாய் வழியே குடிநீர் பெறுகின்றனர். அத்திட்டம் 2019-இல் தொடங்கி வைக்கப்பட்டது. 2016-இல், தேங்கிய நீரிற் பெருகிய சிறு பூச்சிகள் தாஜ்மகாலின் வடசுவரைப் பச்சைக் கறையாற் கெடுத்தன. ஆற்றை நோக்கிய சுவரே, அதாவது முன்பு முகமாயிருந்த பக்கமே கெட்டது. 2023-ஆம் ஆண்டு ஜூலை வெள்ளத்திலோ, 1978-க்குப் பின் முதன்முறையாக நீர் அம்மதிலைத் தொட்டது.

காற்றின் மாசு குறித்து 1984-இல் எம். சி. மேத்தா என்னும் வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்தை அடைந்தார். 1996-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் பிறந்த தீர்ப்பு, நிலக்கரி எரித்த 292 தொழிற்சாலைகளை எரிவாயுவுக்கு மாறுக, அன்றேல் அப்பகுதியை விட்டு நீங்குக என்றது. அத்தீர்ப்பு சலவைக்கல்லைக் காத்தது. இரும்பு வார்ப்பட உலைகளிற் உழைத்த குடும்பங்கள் அதன் விலையிற் ஒரு பகுதியைச் செலுத்தின. வேலையிழப்போர்க்கு ஈட்டுத்தொகை தரவேண்டுமென்றும் தீர்ப்பே கூறியுளது. காற்றுக்கு இவ்வளவு செய்த நாடு ஆற்றுக்கு அவ்வளவு செய்யவில்லை. யாத்திரிகர் ஆற்றுக்கு முதுகு காட்டி நிழற்படம் எடுக்குமளவும், அதன் நிலையைக் கேட்போரும் குறைவாகவே இருப்பர்.

பருவத்தைப்பற்றியும் உணவைப்பற்றியும் சிறிது சொல்லி நிறுத்துவோம். ஐப்பசி, கார்த்திகையும், மாசி, பங்குனியும் ஏற்ற மாதங்கள். கோடையில் வெப்பம் 45 பாகையைத் தொடும். மார்கழி, தையில் மூடுபனி தாஜ்மகாலை மறைப்பதோடு வண்டிகளையும் பல மணி நேரம் தாமதிக்கச் செய்யும். நம் கல்லூரி விடுமுறை கிறிஸ்துமஸையொட்டி வருவதனால் இவ்விடர் நமக்கு நேர்வதே. ஒரு நாளைக் கூடுதலாக ஒதுக்கிக்கொள்ளுதல் அறிவுடைமை. காலையுணவுக்குப் பேடையி என்னும் பருப்படைத்த பூரியும், காரமான உருளைக்கிழங்குக் குழம்பும், கூடவே சுடச்சுட ஜிலேபியும் உண்பது ஊர் வழக்கம். இட்டலி தேடி அலையாமல் அதனையே உண்க. ஊருக்குப் பெயர்பெற்ற இனிப்பு ‘பேட்டா’. நாம் கண்ணேறு கழிக்க வாயிலில் உடைக்கும் அதே நீற்றுப்பூசணிக்காயைத் துண்டு செய்து, சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, வேகவைத்துச் சர்க்கரைப் பாகிற் இட்டு ஆக்குவது. பாகோடு கூடியது, உலர்ந்தது என இருவகை உண்டு. பாகோடு கூடியதை அங்கேயே தின்றுவிடுக. வீட்டுக்கு உலர்ந்ததையே வாங்குக. இரண்டு இரவு வண்டியிற் கிடந்தும், துணிமணிமேற் சொட்டாமற் சென்னை வந்து சேரும்.